கோடு போடுவது கருவி, திருத்துவது மாணவர்: ஆங்கில எழுத்துக்கு இணையக் கருவிகளைப் பயன்படுத்தும் முறை

பல வருடங்கள் சிவப்புப் பேனாவோடுதான் ஓட்டினேன். மேசையில் 40 நோட்டுகள் அடுக்கியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு, முப்பத்திரண்டாவது நோட்டில் 'ஹி கோ' என்பதை 'ஹி கோஸ்' என்று திருத்திக்கொண்டிருப்பேன். மறுநாள் நோட்டு கைக்கு வந்ததும் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்து பெஞ்சின் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். அடுத்த வாரக் கட்டுரையிலும் 'ஹி கோ' அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் இணையக் கருவிகளை வகுப்பில் அறிமுகப்படுத்தினேன். இரண்டே வாரத்தில் எல்லோருடைய கட்டுரையும் பளிச்சென்று ஆகிவிட்டது. இத்தனை நாள் தூக்கத்தை வீணாகக் கெடுத்துக்கொண்டோமே என்றுகூட நினைத்தேன். மாதக் கடைசியில் பேனா பிடித்து எழுதும் தேர்வு வந்தது. மறுபடியும் 'ஹி கோ'.

யோசித்துப் பார்த்தால் இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். பிழையைத் திருத்தியது வேறு யாரோ. முன்பு நான், பிறகு கருவி. மாணவர் செய்த வேலை, அன்று நோட்டை மூடியது. இன்று பொத்தானை அழுத்தியது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு கோளாறைச் சரிசெய்யும் ஏற்பாடு. இந்தக் கருவிகளை இதுவரை தொட்டே பார்க்காத ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பவருக்கும் இதே முறை பொருந்தும், இன்னும் சுலபமாகவே.

எந்தக் கருவி எதற்கு

பெயர்கள் நிறைய இருந்தாலும் வேலையை வைத்துப் பிரித்தால் நான்கைந்து வகைதான்.

முதல் வகை, எழுத எழுதவே அடிக்கோடு போட்டு, சரியான வடிவத்தையும் பக்கத்திலேயே காட்டுபவை. கிராமர்லி, லாங்குவேஜ்டூல், மைக்ரோசாஃப்ட் வேர்டில் இருக்கும் எடிட்டர் எல்லாம் இந்த வகை. 2009-இல் தொடங்கிய கிராமர்லிதான் இவற்றில் பலரும் கேள்விப்பட்ட பெயர். லாங்குவேஜ்டூல் திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம். கணக்குத் தொடங்காமலே அதன் தளத்தில் ஒரு பத்தியை ஒட்டிப் பார்க்கலாம். வசதிதான். ஆனால் விடையைக் கையில் கொடுத்துவிடுவதால், கற்றுக்கொள்பவருக்கு இந்த வகைதான் அதிக ஆபத்து.

இரண்டாவது வகை, இடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்பவை. கேம்பிரிட்ஜ் வெளியிட்டிருக்கும் 'ரைட் அண்ட் இம்ப்ரூவ்' இதற்கு நல்ல உதாரணம். மாணவர் ஒரு தலைப்பைத் தேர்ந்து எழுதிச் சமர்ப்பித்தால், சில நொடிகளில் எந்த வாக்கியம் தேறியது, எது தடுமாறுகிறது என்று நிற வேறுபாட்டால் காட்டும். கூடவே ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் அந்த எழுத்து எங்கே நிற்கிறது என்றும் சொல்லும். இந்த ஆறு படிகள் ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல். அடிப்படைப் பயன்பாட்டுக்குக் காசு வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, மனிதர் மனிதருக்குக் குறிப்பு எழுதும் இடம்: கூகுள் டாக்ஸ். நான்காவது, சாட்ஜிபிடி போன்ற உரையாடும் செயற்கை நுண்ணறிவு. ஐந்தாவதாக ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது: ஸ்கெல். இது பிழை திருத்தாது. ஒரு சொல்லைக் கொடுத்தால், ஆங்கிலத்தில் அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று உண்மையான எடுத்துக்காட்டுகளோடு காட்டும். கணக்கு எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றையும் முதல் நாளே அறிமுகப்படுத்தாதீர்கள். நான் செய்த தவறு அது. கடவுச்சொல் மறந்தவர்களைச் சமாளிப்பதிலேயே ஒரு வாரம் போயிற்று.

படி 1: கருவியே இல்லாத முதல் வரைவு

120 முதல் 150 சொற்களுக்குள் ஒரே ஒரு பத்தி. அதற்கு மேல் வேண்டாம். திரும்ப எழுதப் பொறுமை இருக்க வேண்டுமே. நோட்டில் எழுதித் தட்டச்சு செய்தால் மிகவும் நல்லது. நேராகத் தட்டச்சு செய்வதென்றால் திருத்தும் வசதிகளை அணைக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் 'டூல்ஸ்' மெனுவுக்குள் 'ஸ்பெல்லிங் அண்ட் கிராமர்' என்பதில் போய், பரிந்துரை காட்டும் குறிகளை எடுத்துவிடுங்கள். கைபேசியில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது: விசைப்பலகையே சத்தமில்லாமல் சொல்லை மாற்றிவிடும். அதன் அமைப்பில் ஆட்டோ கரெக்‌ஷனையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் தலைப்பில் 'வரைவு 1' என்று போட்டுத் தேதியும் எழுத வேண்டும். இதை யாரும் அழிக்கக் கூடாது. பிறகு ஒப்பிட இதுதான் ஆதாரம்.

படி 2: இரண்டே இரண்டு பிழை வகை

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பதால் பயனில்லை, அதைக் கைவிடுவதே நல்லது என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல் எழுதினார். அதே துறையின் டேனா ஃபெரிஸ் 1999-இல் அதற்கு மறுப்பு எழுதினார். அந்த வாதம் இன்றும் முழுதாக ஓயவில்லை. என் அனுபவத்தில், எல்லாப் பிழைகளையும் ஒரேயடியாகத் திருத்திக் கொடுத்தால் டிரஸ்காட் சொன்னதுதான் நடக்கிறது. இரண்டு வகையை மட்டும் எடுத்து மூன்று வாரம் விடாமல் பின்தொடர்ந்தால் ஃபெரிஸ் பக்கம் காற்று வீசுகிறது.

எந்த இரண்டு? வகுப்பின் முதல் வரைவுகளைப் புரட்டினாலே தெரிந்துவிடும். தமிழ் வழியாக ஆங்கிலத்துக்கு வருபவர்களிடம் சில பிழைகள் சொல்லிவைத்தாற்போல் வரும். ஆர்ட்டிகிள் ('எ', 'ஆன்', 'தி') விடுபடுவது ஒன்று. தமிழில் அப்படி ஒரு சங்கதியே இல்லை. 'இஸ் ரெய்னிங்' என்று எழுவாயை விட்டுவிடுவது இன்னொன்று. 'மழை பெய்கிறது' என்பதில் 'இட்'டுக்கு இடமே கிடையாதே. 'இருந்தாலும்', 'ஆனால்' இரண்டையும் சேர்த்துப் பேசும் பழக்கத்தால் 'ஆல்தோ'வும் 'பட்'டும் ஒரே வாக்கியத்தில் குடியேறும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' ஒட்டிக்கொள்ளும், 'பற்றி விவாதித்தோம்' என்பதன் நிழலாக.

காரணம் தமிழில் இருக்கும்போது விளக்கத்தையும் தமிழிலேயே சொல்லலாம். 'எ' போடுவதா, 'தி' போடுவதா என்று குழம்பினால், "இதைத் தமிழில் சொன்னால் 'ஒரு புத்தகம்' என்பாயா, 'அந்தப் புத்தகம்' என்பாயா?" என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது. தொடங்குகிறவருக்குப் பாதி வழி துணைக்கு வரும். 'கோஸ்' விஷயத்தில் நான் சொல்வது இது: போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பழகியவர்கள் நாம். ஆங்கிலம் நம்மிடம் கேட்பது ஒரே ஓர் 'எஸ்'. அதைக்கூடக் கொடுக்காவிட்டால் எப்படி?

படி 3: இடம் காட்டும் கருவியில் முதல் சுற்று

வரைவை ரைட் அண்ட் இம்ப்ரூவில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே கொடுத்திருக்கும் தலைப்புகளில் ஒன்றையே முதலில் எழுதியிருந்தால் வேலை எளிது. நிறம் தட்டிய வாக்கியங்களை மாணவர் நோட்டில் எடுத்து எழுத வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் "எங்கே சிக்கல் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரி. தமிழில் எழுதினாலும் சரி. அதன் பிறகுதான் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.

ஏ2, பி1 என்ற அந்தப் படிநிலையைப் பார்த்துப் பிள்ளைகள் விளையாட்டு போல உற்சாகமாவார்கள். நல்லதுதான், நான்கைந்து முறை தாமாகவே திரும்ப எழுதுவார்கள். ஆனால் கணினி கொடுக்கும் மதிப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். கட்டுரைக்குக் கணினி மதிப்பெண் போடும் முயற்சி 1966-லேயே எல்லிஸ் பேஜ் என்பவரால் தொடங்கியது. கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்றவற்றைத்தான் அது அளந்தது. இன்றைய கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த லெஸ் பெரல்மன் 2014-இல் சில மாணவர்களோடு சேர்ந்து 'பேபல்' என்று ஒரு நிரலை உருவாக்கினார். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால் அது தலையும் வாலும் இல்லாத, ஆனால் ஆடம்பரமான கட்டுரையைக் கக்கும். தானியங்கி மதிப்பீட்டு மென்பொருள் அந்த உளறலுக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தது. இந்தக் கதையைக் கேட்ட பிறகு வகுப்பில் படிநிலை மோகம் கொஞ்சம் தணியும்.

படி 4: ஏற்றதும் மறுத்ததும்

இப்போதுதான் கிராமர்லி அல்லது லாங்குவேஜ்டூல். முதலில் பிரிட்டிஷ் ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா என்று அமைப்பில் தேர்ந்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'கலர்' என்ற சொல்லின் எழுத்துக் கூட்டலிலேயே பாதிப் பரிந்துரை போய்விடும்.

விதி ஒன்றுதான்: பரிந்துரையைச் சொடுக்கி ஏற்கக் கூடாது. நோட்டில் மூன்று கட்டம் போட வேண்டும். ஒன்றில் நான் எழுதியது, அடுத்ததில் கருவி சொன்னது, மூன்றாவதில் ஏற்கிறேனா இல்லையா என்பதும் ஏன் என்பதும். ஏற்றால் கையால் தட்டச்சு செய்து மாற்ற வேண்டும். ஒரு கட்டுரையில் குறைந்தது ஒரு பரிந்துரையையாவது காரணத்தோடு மறுக்க வேண்டும் என்று நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன். நியாயமாகத் தெரியாது, ஆனால் கருவியோடு வாதாடத் தொடங்கும்போதுதான் பிள்ளை இலக்கணப் புத்தகத்தைத் தானாகத் திறக்கிறது.

மறுக்க வேண்டிய பரிந்துரைகளுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்ப் பெயர்களைப் பார்த்தால் இந்தக் கருவிகளுக்கு ஒரு பதற்றம். தம்பியைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையில் கவின் என்ற பையன், அவள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டே போனதில், கடைசி வரை கெவினாகவே வாழ்ந்தான்.

பரிந்துரையே வராத பிழை இன்னும் மோசம். 'மாமா என்னை ஸ்டேஷனில் விட்டார்' என்பதை ஒருவர் 'மை அங்கிள் லெஃப்ட் மீ அட் தி ஸ்டேஷன்' என்று எழுதியிருந்தார். இலக்கணத்தில் குற்றம் இல்லை, எந்தக் கருவியும் கோடு போடவில்லை. ஆனால் படிப்பவருக்கு, மாமா அவரைத் தவிக்க விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். 'டிராப்ட் மீ' என்றிருக்க வேண்டும். இந்த மாதிரி இடத்துக்குத்தான் ஸ்கெல். 'லீவ்' என்று தேடி, வருகிற வாக்கியங்களைப் படிக்கச் சொல்லுங்கள். நாம் நினைத்த பொருளில் ஒன்றுகூட வரவில்லை என்றால் ஏதோ இடிக்கிறது என்று அவர்களுக்கே புரியும்.

படி 5: ஆசிரியர் நுழையும் இடம்

இதுவரை உங்கள் பேனாவுக்கு வேலை இல்லை. எழுத்துக்கூட்டல், 'எஸ்' விடுபட்டது எல்லாம் கருவியும் மாணவரும் பார்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கருவியால் முடியாதது: சொல்ல வந்தது வந்திருக்கிறதா, வரிசை சரியா, காரணம் எங்கே, உதாரணம் எங்கே.

கூகுள் டாக்ஸில் கோப்பைப் பகிரும்போது மாணவர் உங்களுக்கு 'கமென்டர்' உரிமை, அதாவது குறிப்பு எழுதும் உரிமை மட்டும் கொடுத்தால் போதும். அதிலும் 'சஜெஸ்டிங்' முறையில் போய் வாக்கியத்தையே மாற்றாதீர்கள். மாணவர் ஒரு 'டிக்' அடித்தால் உங்கள் வாக்கியம் அவருடையதாகிவிடும். மறுபடி பழைய கதை. ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதுங்கள், முடிந்தவரை கேள்வியாக. "இந்தப் பத்தி தெளிவாக இல்லை" என்பதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? "மழை நின்ற பிறகு நீ எங்கே போனாய்? இரண்டாவது வரியில் வீட்டில் இருக்கிறாய், மூன்றாவதில் பேருந்தில்" என்றால் செய்ய வேலை கிடைக்கிறது.

கல்வி ஆய்வாளர்கள் ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007-இல் பின்னூட்டம் பற்றி எழுதிய கட்டுரையில் மூன்று கேள்விகளை வைக்கிறார்கள்: எங்கே போகிறேன், எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், அடுத்து என்ன? ஒரு கட்டுரைக்கு மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடையாக. அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டார்கள், நீங்களும் தாங்க மாட்டீர்கள்.

குறிப்பை எந்த மொழியில் எழுதுவது? ஆங்கில வகுப்பில் ஆங்கிலம்தான் என்று நானும் பிடிவாதமாக இருந்தேன். தொடக்க நிலையில் இருப்பவருக்கு, அவர் எழுதிய ஆங்கிலத்தைவிடக் கடினமான ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவது யாருக்கு லாபம்? இப்போது பி1-க்குக் கீழே இருப்பவர்களுக்குத் தமிழில்தான் எழுதுகிறேன்.

மதிப்பெண்ணை இந்தக் கட்டத்தில் போடவே வேண்டாம். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்தடுத்த வேலையில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பக்கத்து பெஞ்சின் மதிப்பெண்ணை எட்டிப் பார்க்கும் பழக்கம் எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

சக மாணவர்களும் ஒருவர் கட்டுரையில் மற்றவர் குறிப்பு எழுதலாம். 'சூப்பர்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வார்கள். "எனக்குப் புரியாத ஒரு வரி, இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரு விஷயம்" என்று இரண்டை மட்டும் கேட்டால் ஒழுங்காக வரும்.

படி 6: செயற்கை நுண்ணறிவோடு பேசுவது

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்ததிலிருந்து ஆசிரியர்களுக்கு இதுதான் தலைவலி. அதையும் இடம் காட்டும் கருவியாகவே பயன்படுத்தலாம். கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. "இதைத் திருத்திக் கொடு" என்றால் திருத்தித்தான் கொடுக்கும். நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் வாசகம் இது, தமிழிலேயே தட்டச்சு செய்யலாம்:

"நான் ஆங்கிலம் கற்றுக்கொள்கிறேன். கீழே உள்ள பத்தியைத் திருத்தாதே, திரும்ப எழுதாதே. ஆர்ட்டிகிள் பிழையோ டென்ஸ் பிழையோ உள்ள வாக்கியங்களின் எண்களை மட்டும் சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறிப்பு கொடு, விடையைச் சொல்லாதே. நான் திருத்தி அனுப்பிய பிறகு சரியா என்று பார்."

இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அது தன் குணத்தைக் காட்டி விடையைக் கொட்டிவிடும். அப்போது வாசகத்தை மறுபடி ஒட்ட வேண்டும். இல்லாத பிழையை இருப்பதாக அடித்துச் சொல்வதும் உண்டு. அதனால்தான் இதை ஆறாவது படியில் வைத்தேன், மூன்று கட்ட நோட்டு பழக்கமான பிறகு. பெயர், பள்ளி, முகவரி எதையும் ஒட்டக் கூடாது. வயதில் சிறியவர்கள் என்றால் சேவையின் வயது விதியைப் பாருங்கள், பெற்றோர் அனுமதி வாங்குங்கள், அல்லது உங்கள் திரையில் நீங்களே செய்து காட்டுங்கள்.

அவர்கள் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று சந்தேகம் வரும். கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டிவிடாதீர்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை அப்படிப்பட்ட 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். மனிதர் எழுதியவற்றை இயந்திரம் எழுதியதாக அவை சொன்ன விகிதம் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல். எளிய சொற்களை எழுதினால் இயந்திரமாம்! சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டது. அதற்குப் பதில், கணினியில் கூகுள் டாக்ஸ் கோப்பைத் திறந்து 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். கட்டுரை வரிவரியாக வளர்ந்ததா, ஒரே நிமிடத்தில் முழுசாக வந்து விழுந்ததா என்று தெரியும். ஆனால் மாணவரின் கணக்கில் உள்ள கோப்பு என்றால், உங்களுக்குத் திருத்தும் உரிமை இருந்தால்தான் அந்த வரலாறு தெரியும். அல்லது அவரையே அருகில் உட்காரவைத்துத் திறக்கச் சொல்லலாம். அதையும் தீர்ப்பாக எடுக்காமல், பேச்சைத் தொடங்க மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 7: எண்ணிப் பார்ப்பது

மூன்று வாரம் கழித்து, கருவி எதுவும் இல்லாமல், பேனாவால், பத்து நிமிடம். முன்பு எடுத்த இரண்டு பிழை வகைகளை மட்டும் எண்ணுங்கள், 100 சொற்களுக்கு எத்தனை என்று. 150 சொல் கொண்ட முதல் வரைவில் ஆர்ட்டிகிள் பிழை 9 என்றால், 100-க்கு 6. இன்று 80 சொல் எழுதி 2 பிழை என்றால், 100-க்கு 2.5. மாணவரே எண்ணி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். மதிப்பெண் போல இல்லாமல், இந்த எண் அவருடைய பழைய எண்ணோடு மட்டும் மோதுகிறது.

எண் இறங்கவில்லை என்றால் மூன்று கட்ட நோட்டைத் திறந்து 'ஏன்' கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே "கருவி சொன்னது" என்றே வரிசையாக எழுதியிருக்கும். அவருக்கு இரண்டாம் சுற்றிலும் அதே இரண்டு பிழை, ஆனால் படி 4 வேண்டாம். படி 3 மட்டும். இறங்கியவர் அடுத்த இரண்டு வகைக்குப் போகலாம். எதை எடுப்பது என்பதை இந்த முறை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.